ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்: டெக்சாஸ் சுகாதார ஆணையத்திடம் கணக்குக் கேட்பது எப்படி

டெக்சாஸில் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீடு, குழந்தைகளுக்கான சிப் காப்பீடு, ஸ்நாப் உணவு உதவி, மாற்றுத்திறனாளிகளுக்கான வீட்டுச் சேவைகள், மாநில மனநல மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள் மீதான கண்காணிப்பு என இத்தனையையும் நடத்துவது ஒரே அமைப்பு: டெக்சாஸ் சுகாதார, மனித சேவைகள் ஆணையம். மெடிக்கெய்டிலும் சிப்பிலும் மட்டும் 40 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். மாநில பட்ஜெட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுகாதாரம், மனித சேவைகள் என்ற பிரிவுக்குப் போகிறது. ஆணையத்தின் தலைவரை ஆளுநர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. நாம் வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை, மாற்றுவதும் இல்லை. ஆனால் அந்த ஆணையம் தன் வேலையைப் பற்றித் தானே எண்களில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நமக்கு இருக்கும் பிடி அதுதான்.

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சேவை கேட்டுக் காத்திருப்பவர்கள், குழந்தையின் காப்பீடு திடீரென்று நின்றுபோனவர்கள், அவர்களுக்காக படிவம் நிரப்பிக் கொடுக்கும் தன்னார்வலர்கள் என்று நம்மவர்கள் நிறையப் பேர் இந்த ஆணையத்தோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பில் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லையே, வாக்கு இல்லையே, நாம் என்ன கேட்பது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். கீழே சொல்லும் எதற்கும் வாக்காளர் அட்டை தேவையில்லை. அறிக்கை படிக்கலாம், ஆவணம் கேட்டு எழுதலாம், சட்டமன்றக் குழு முன்னால் பேசலாம்.

என் அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். இருபது எண்களை மேலோட்டமாகப் பார்த்துக் கோபப்படுவதால் ஒன்றும் நடப்பதில்லை. ஒரே ஓர் எண்ணை எடுத்து, அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று அடிவரை தெரிந்துகொண்டு, ஒரு முழு பட்ஜெட் சுற்றுக்கு, அதாவது இரண்டு ஆண்டுக்கு, விடாமல் பின்தொடர்பவரைத்தான் அதிகாரிகள் கவனிக்கிறார்கள்.

முதலில் உங்கள் சொந்த வழக்கை முடியுங்கள்

கணக்குக் கேட்கும் வேலை மெதுவாக நடப்பது. வீட்டில் ஒருவருக்கு உதவி நின்றுபோயிருந்தால் அதற்குத் தனி வழி உண்டு, அதை முதலில் செய்யுங்கள். மெடிக்கெய்ட் அல்லது ஸ்நாப் தகுதியை மறுத்துக் கடிதம் வந்தால் 90 நாளுக்குள் மேல்விசாரணை கேட்கலாம். கடிதத்தின் தேதியிலிருந்து எண்ண வேண்டும், உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. கடிதத்தையும் உறையையும் சேர்த்தே பத்திரப்படுத்துங்கள்.

மெடிக்கெய்டில் இருக்கும் பெரும்பாலோருக்குச் சேவை தருவது தனியார் காப்பீட்டுத் திட்டங்கள்தான். மருத்துவர் கிடைக்கவில்லை, சிகிச்சைக்கு அனுமதி தரவில்லை என்றால் முதலில் அந்தத் திட்டத்திடம் முறையாகப் புகார் செய்ய வேண்டும். அங்கே தீராவிட்டால், பொதுமக்களின் புகாரைக் கேட்டு விசாரிக்கும் ஆணையத்தின் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம்.

புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் ஒருவர் ஆறுதலாகப் பேசி அனுப்பிவிட்டால் அது புகாராகவே பதிவாகாமல் போகலாம். "இதைப் புகாராகப் பதிவு செய்யுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆம்பட்ஸ்மன் அலுவலகம் வெளியிடும் அறிக்கைகளில் எந்த வகைப் புகார் எத்தனை என்று வருகிறது. உங்கள் கஷ்டம் அந்தப் பட்டியலில் ஒரு எண்ணாக ஏறினால்தான் பின்னால் ஒருவர் அதை எடுத்துக்காட்ட முடியும். நம் ஆட்கள் பொறுத்துப் போகும் சுபாவத்தால் இந்த இடத்தில்தான் நழுவ விடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எண்கள் எங்கே இருக்கின்றன

டெக்சாஸில் செயல்திறனைப் பட்ஜெட்டோடு கட்டிப்போடும் முறை 1991-இல் வந்தது. ஒவ்வொரு அமைப்புக்கும் பணம் ஒதுக்கும்போதே, அந்தப் பணத்தால் என்ன நடக்க வேண்டும் என்ற இலக்கும் பட்ஜெட் சட்டத்திலேயே அச்சாகிறது. சட்டத்தின் 2-ஆம் பிரிவு முழுக்கச் சுகாதாரமும் மனித சேவைகளும்தான். இதைக் கண்காணிப்பது சட்டமன்ற நிதிநிலை வாரியம். அங்கே எல்லோரும் எல்.பி.பி. என்றே சொல்வார்கள். துணை ஆளுநரும் கீழவைத் தலைவரும் அதன் இணைத் தலைவர்கள்.

அளவீடுகள் நான்கு வகை. எத்தனை வேலை நடந்தது என்பது ஒன்று, அதனால் என்ன விளைந்தது என்பது இன்னொன்று. ஒரு வேலைக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம் என்பது மூன்றாவது. நான்காவது, ஆணையத்தின் கையில் இல்லாத சூழலை விளக்குவது. இரண்டாவது வகைதான் நமக்கு வேண்டியது. ஆனால் அறிக்கைகளில் முதல் வகைதான் குவிந்து கிடக்கும். மாதம் சராசரியாக இத்தனை தகுதி முடிவுகள் எடுத்தோம், ஒரு முடிவுக்கு இவ்வளவு செலவானது என்று படிக்கும்போது வேலை நடப்பது தெரியும். அந்த முடிவு சரியானதா, குடும்பத்துக்கு உரிய நேரத்தில் கிடைத்ததா என்பது அதில் தெரியாது.

மாநிலத்தின் நிதியாண்டு செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. ஆகவே முதல் காலாண்டு என்றால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. வேலை அளவும் செலவுத் திறனும் காலாண்டுக்கு ஒருமுறை எல்.பி.பி.க்குப் போகும், விளைவுகள் ஆண்டுக்கு ஒருமுறை. முக்கிய அளவீடு ஒன்று இலக்கிலிருந்து 5 சதவீதமோ அதற்கு மேலோ விலகினால் ஆணையம் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். இந்த விளக்கங்களைக் கட்டாயம் படியுங்கள். இரண்டு மூன்று வரிதான் இருக்கும். ஒரே விளக்கம் நான்கு காலாண்டாக வார்த்தை மாறாமல் திரும்ப வந்தால், அதுவே சட்டமன்றத்தில் கேட்க ஒரு கேள்வி.

மத்திய அரசின் பக்கமும் எண்கள் உண்டு. ஸ்நாப் திட்டத்தின் நேரந்தவறாமையையும் தொகைப் பிழை விகிதத்தையும் வேளாண்மைத் துறை வெளியிடுகிறது. மெடிக்கெய்ட் விண்ணப்பம் முடிய எத்தனை நாள் ஆனது என்பதை மத்திய மெடிக்கேர், மெடிக்கெய்ட் மையங்கள் வெளியிடுகின்றன. தனியார் திட்டங்களின் தரத்தை வெளியிலிருந்து மதிப்பிடும் வேலையை ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஒரு நிறுவனம் செய்கிறது. பிள்ளைகள் தடுப்பூசியும் பரிசோதனையும் பெற்றார்களா என்பதெல்லாம் திட்டவாரியாக அங்கே கிடைக்கும்.

வரையறையைத் தேடிப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு வரையறைத் தாள் உண்டு. ஆணையத்தின் வியூகத் திட்டம், பட்ஜெட் கோரிக்கை போன்ற ஆவணங்களின் பின்னிணைப்பில் தேடுங்கள். சுருக்க விளக்கம், நோக்கம், தரவு எங்கிருந்து வருகிறது, எப்படிக் கணக்கிடப்படுகிறது, தரவின் வரம்புகள் என்ன என்று அதில் தனித்தனியாக இருக்கும். இலக்கைவிடக் கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா என்பதும் எழுதியிருக்கும். வரம்புகள் என்ற பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். இந்த எண்ணில் எது வராது என்பதை ஆணையமே தன் கையால் அங்கே எழுதி வைத்திருக்கும்.

ஸ்நாப்பை வைத்துப் பார்ப்போம். மத்திய விதிப்படி விண்ணப்பித்த 30 நாளுக்குள் முடிவு வர வேண்டும். கையில் காசே இல்லாத அவசர நிலைக் குடும்பத்துக்கு 7 நாள். ஒரு மாதத்தில் ஆயிரம் விண்ணப்பங்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். 700 ஏற்கப்பட்டன, அவற்றில் 665 உரிய நேரத்தில். 200 நிராகரிக்கப்பட்டன. 100 இன்னும் முடிவாகாமல் கிடக்கின்றன. ஏற்கப்பட்டவற்றை மட்டும் வகுத்தால் 95 சதவீதம் வருகிறது, பார்க்க அழகாக இருக்கிறது. வந்த ஆயிரத்தால் வகுத்தால், உரிய நேரத்தில் உதவி கைக்கு வந்தது 66.5 சதவீதம் பேருக்குத்தான். இரண்டுமே பொய்யில்லை. கீழே எதை வைத்து வகுத்தார்கள் என்பதுதான் வேறு.

வேளாண்மைத் துறை வெளியிடும் நேரந்தவறாமை விகிதம் ஏற்கப்பட்ட புதிய விண்ணப்பங்களின் மாதிரியிலிருந்து எடுக்கப்படுவது. வந்து சேர்ந்த ரயில்களை மட்டும் எண்ணி நேரம் தவறவில்லை என்று சொல்வது போல இது, ரத்தான ரயில் அந்தக் கணக்கிலேயே இல்லை. தவறாக மறுக்கப்பட்டவர்களைப் பற்றித் தெரிய வேண்டுமானால் மறுப்பு, நிறுத்தம் ஆகியவற்றில் நடந்த பிழைகளுக்கு என்றே தனி விகிதம் இருக்கிறது. அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோகும் ஆட்கள் மிகக் குறைவு.

தொகைப் பிழை விகிதத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது மோசடிக் கணக்கு என்று பத்திரிகைகளில் கூட எழுதிவிடுகிறார்கள். கூடுதலாகக் கொடுத்ததும் குறைவாகக் கொடுத்ததும் இரண்டும் அதில் சேரும், பெரும்பாலும் அலுவலகமோ குடும்பமோ தெரியாமல் செய்த பிழைகள். 2024 நிதியாண்டில் நாடு முழுவதற்குமான விகிதம் 10.93 சதவீதம். 2025 ஜூலையில் கையெழுத்தான மத்தியச் சட்டப்படி, 2028 நிதியாண்டு முதல் இந்த விகிதம் 6 சதவீதத்துக்கு மேல் போகும் மாநிலங்கள் உணவு உதவித் தொகையில் ஒரு பங்கைத் தாங்களே ஏற்க வேண்டும். 6 முதல் 8 வரை என்றால் 5 சதவீதப் பங்கு, 8 முதல் 10 வரை என்றால் 10, அதற்கு மேல் 15.

இதனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தொகைப் பிழைக்குப் பெரிய தண்டனை, தாமதத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றால் எந்த அலுவலகமும் பிழையைக் குறைக்கத்தான் ஆட்களைத் திருப்பும். கூடுதல் ஆவணம் கேட்பார்கள், மறுபடி மறுபடி சரிபார்ப்பார்கள். பிழை விகிதம் இறங்கும்போது காத்திருக்கும் நாட்கள் ஏறுகின்றனவா என்று இனி வரும் ஆண்டுகளில் யாராவது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாக ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்றால் இதையே எடுத்துக்கொள்ளலாம் என்பேன்.

காத்திருப்போர் பட்டியல்: நம்மில் பலருக்கு வேண்டிய எண்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு வீட்டிலேயே அல்லது சமூகத்திலேயே சேவை தரும் எச்.சி.எஸ். என்ற திட்டத்துக்கு டெக்சாஸில் லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்து காத்திருக்கிறார்கள். காத்திருப்பு பத்து ஆண்டைத் தாண்டிப் போகிறது. பிள்ளைக்கு நோயறிதல் வந்த வாரமே பெயரைப் பதிவு செய்யுங்கள். எச்.சி.எஸ்.ஸில் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால், நமக்கு இது கிடைக்காது என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள். இதற்குப் பதிவு செய்யும் இடம் உங்கள் மாவட்டத்துக்கான உள்ளூர் அறிவுசார் குறைபாட்டு ஆணையம், அதாவது லிடா. கிளாஸ் போன்ற வேறு திட்டங்களுக்கு மாநில ஆணையத்தின் தொலைபேசி வழி. எல்லாவற்றிலும் பெயர் கொடுத்து வையுங்கள். வீடு மாறினால், தொலைபேசி எண் மாறினால் உடனே தெரிவியுங்கள். கூப்பிட்டபோது ஆள் கிடைக்காமல் வரிசை இழப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

சரி, எண்ணுக்கு வருவோம். ஒவ்வொரு திட்டத்தின் பட்டியலிலும் எத்தனை பேர், எத்தனை ஆண்டாக என்று ஆணையம் தன் இணையதளத்தில் போடுகிறது. இதைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

பட்டியல்களின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். ஒரே பிள்ளை நான்கு பட்டியலில் இருக்கும். சட்டமன்றத்தில் கூட்டுத்தொகையைச் சொன்னால், உறுப்பினரின் உதவியாளர் அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு உங்கள் பேச்சு முழுவதையும் ஒதுக்கிவிடுவார். ஒருவரை ஒருமுறை மட்டும் எண்ணிய தொகையைத் தேடி எடுங்கள்.

பட்டியல் சுருங்கியது என்றால் சேவை கிடைத்தது என்று அர்த்தமில்லை. பெயர் நீங்குவதற்குப் பல காரணம் உண்டு: இடம் கிடைத்துச் சேர்ந்தது, தகுதியில்லை என்று முடிவானது, குடும்பமே வேண்டாம் என்றது, தொடர்புகொள்ள முடியவில்லை, இறந்துபோனது. இந்தக் காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்த அட்டவணைதான் நமக்கு வேண்டும். என்னைப் பொறுத்தவரை மொத்த எண்ணிக்கையைவிட இந்த அட்டவணைதான் உண்மையைச் சொல்வது.

மூன்றாவது, ஓட்டத்தைப் பாருங்கள். சட்டமன்றம் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் இத்தனை புதிய இடங்கள் என்று பணம் ஒதுக்குகிறது. அதே இரண்டு ஆண்டில் புதிதாகப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர்? ஒதுக்கிய இடங்களில் உண்மையில் நிரம்பியவை எத்தனை? பணம் ஒதுக்கியும் இடம் நிரம்பவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் பணியாளர்களுக்குத் தரும் மணிக்கூலி குறைவு, ஆள் கிடைப்பதில்லை. அப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிடுகிறது.

அந்த எண்ணை யாராவது சோதித்தார்களா?

ஆணையம் சொல்லும் எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. டெக்சாஸின் மாநிலத் தணிக்கை அலுவலகம் அவ்வப்போது சில அளவீடுகளை எடுத்துச் சோதித்து நான்கில் ஒரு முத்திரை குத்தும். சொன்ன எண் உண்மை நிலைக்கு 5 சதவீதத்துக்குள் இருந்து, கணக்கிடும் முறையிலும் கட்டுப்பாடு இருந்தால் சான்று. எண் சரிதான், ஆனால் கட்டுப்பாடு போதாது என்றால் நிபந்தனையோடு சான்று. அப்புறம், துல்லியமற்றது. கடைசியாக, ஆவணமே இல்லாததால் சோதிக்க முடியாமல் போனது. கடைசி முத்திரையைத்தான் நான் மிகவும் கவலையோடு பார்ப்பேன். எண்ணைச் சொல்லிவிட்டு அதற்கான அடிப்படையை வைத்திருக்காத இடம் அது.

தணிக்கை அலுவலகத்தின் இணையதளத்தில் ஆணையத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் பழைய அறிக்கைகள் வரும். பரிந்துரைக்குப் பக்கத்தில் நிர்வாகத்தின் பதிலும், எப்போது சரிசெய்வோம் என்ற தேதியும் இருக்கும். தேதி கடந்துவிட்டதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைத் தவிர சன்செட் ஆணையம் என்று ஒன்று 1977 முதல் இருக்கிறது. மாநில அமைப்புகளை வழக்கமாக 12 ஆண்டுக்கு ஒருமுறை, இது இனியும் வேண்டுமா என்ற கேள்வியிலிருந்தே தொடங்கிப் பரிசீலிக்கும். 2015-இல் சுகாதார அமைப்புகளை ஒன்றாக இணைத்த செனட் சட்டம் 200 அப்படியொரு பரிசீலனையில் பிறந்ததுதான். நீங்கள் பின்தொடரும் காலத்தில் ஆணையம் பரிசீலனைக்கு வந்தால் பொதுமக்கள் கருத்தை எழுத்தில் கட்டாயம் அனுப்புங்கள்.

பிரித்துக் கேட்டால் என்ன தெரியும்: 2023-இல் நடந்தது

பெருந்தொற்றுக் காலத்தில் யாரையும் மெடிக்கெய்டிலிருந்து நீக்கக் கூடாது என்ற மத்திய ஏற்பாடு 2023 மார்ச் 31-இல் முடிந்தது. அதன் பிறகு டெக்சாஸில் சுமார் 20 லட்சம் பேர் காப்பீட்டை இழந்தார்கள். தகுதியில்லாதவர்களை நீக்கினோம் என்று ஒரே வரியில் முடித்திருக்க முடியும். முடியவில்லை. 2022 டிசம்பரில் இயற்றிய சட்டம் மாநிலங்கள் மாதாமாதம் கணக்குத் தர வேண்டும் என்றது, அதை மத்திய அரசு வெளியிட வேண்டும் என்றும் சொன்னது. தராத மாநிலத்துக்கு மத்திய நிதி குறையும் என்ற தண்டனையும் அதிலேயே இருந்தது.

அந்த அறிக்கையில் தகுதி இழந்து நீக்கப்பட்டவர்கள் ஒரு வரிசையிலும், படிவம் திரும்பி வராதது போன்ற நடைமுறைக் காரணத்தால் நீக்கப்பட்டவர்கள் இன்னொரு வரிசையிலும் வந்தார்கள். டெக்சாஸில் நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். அதாவது, அவர்களுக்குத் தகுதி உண்டா இல்லையா என்று யாரும் பார்த்து முடிவு செய்யவே இல்லை. தொலைபேசி மையத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், எத்தனை பேர் பாதியில் வைத்துவிட்டார்கள் என்பதும் அதே அறிக்கையில் வந்தது. 2023 டிசம்பரில் அப்போதைய மத்திய சுகாதாரச் செயலர் ஹாவியர் பெசேரா, குழந்தைகள் அதிகம் விடுபட்ட ஒன்பது மாநிலங்களின் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். டெக்சாஸும் அந்த ஒன்பதில் ஒன்று. மொத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி எழுதியிருக்க முடியாது.

இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. 2005-இல் தகுதி முடிவு வேலையைத் தனியார் தொலைபேசி மையங்களுக்கு மாற்ற 89.9 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். 2006 ஜனவரியில் டிராவிஸ், ஹேஸ் என்ற இரண்டு மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கியதும் விண்ணப்பங்கள் தேங்கின, அழைப்புகள் எடுபடவில்லை. விரிவாக்கத்தை நிறுத்தி, 2007-இல் ஒப்பந்தத்தையே முடித்தார்கள். மாநிலத்தில் 254 மாவட்டங்கள் இருக்கின்றன. மாவட்டவாரியாக எண் கேட்க வேண்டும் என்று நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்பதற்கு இதுதான் காரணம். இரண்டு மாவட்டத்தின் சிக்கல் மாநில சராசரியில் காணாமல் போய்விடும்.

இல்லாத அட்டவணையைக் கேட்டு வாங்குவது

வெளியிட்ட அறிக்கையில் பிரித்த எண் இல்லையென்றால் பொதுத் தகவல் சட்டத்தின்படி கேளுங்கள். அரசுச் சட்டத் தொகுப்பின் 552-ஆம் அதிகாரம். இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்திப் பழகியவர்களுக்கு இது பரிச்சயமாகவே இருக்கும். விண்ணப்பக் கட்டணம் கிடையாது, மின்னஞ்சல் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று விசாரிக்கக் கூடாது. ஆணையம் தகவலைத் தாமதமின்றித் தர வேண்டும். மறுக்க நினைத்தால் 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலின் முடிவைக் கேட்க வேண்டும். செலவு 40 டாலருக்கு மேல் ஆகும் என்றால் முன்கூட்டியே மதிப்பீடு அனுப்புவார்கள். அதற்குப் பதில் போடாமல் விட்டால் கோரிக்கை கைவிடப்பட்டதாகிவிடும், கவனம்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் தாமதமாகிறது?" என்று எழுதினால் ஒன்றும் வராது, ஏனென்றால் கேள்விக்குப் பதில் எழுதவோ புதிய ஆவணம் தயாரிக்கவோ சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இப்படி எழுதுங்கள்: "2024 செப்டம்பர் 1 முதல் 2025 ஆகஸ்ட் 31 வரை, எச்.சி.எஸ். காத்திருப்போர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை நீக்கக் காரணம், மாவட்டம், மாதம் வாரியாகக் காட்டும் அட்டவணை அல்லது அறிக்கை, எக்செல் வடிவில். தனிநபர் விவரம் எதுவும் வேண்டாம்." கடைசி வாக்கியம் முக்கியம். அந்தரங்கம் என்ற காரணத்தைச் சொல்லித் தள்ளிப்போட அது இடம் வைக்காது. தெளிவுபடுத்தச் சொல்லி மின்னஞ்சல் வந்தால் அன்றே பதில் போடுங்கள்.

எப்போது, எங்கே பேசுவது

டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத் தொடர் ஒற்றைப்படை ஆண்டில் மட்டும், ஜனவரி இரண்டாவது செவ்வாயில் தொடங்கி அதிகபட்சம் 140 நாள் நடக்கும். அடுத்தது 2027 ஜனவரி 12. ஆனால் பேச வேண்டிய வேலை அதற்கு முந்தைய ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது. இரட்டைப்படை ஆண்டின் கோடையில் வியூகத் திட்டம் வரும், கோடை முடிவை ஒட்டி ஆணையம் தன் பட்ஜெட் கோரிக்கையைக் கொடுக்கும். அதன் மீது எல்.பி.பி.யும் ஆளுநர் அலுவலகமும் நடத்தும் கூட்டு விசாரணைக்குப் பொதுமக்கள் வரலாம். கூட்டம் குறைவாக இருக்கும், ஒரு எண்ணைச் சொன்னால் காதில் விழும். ஜனவரிக்கு மேல் ஆயிரக்கணக்கான மசோதாக்களுக்கு நடுவே நீங்கள் ஒருவர்.

கூட்டத் தொடரில் பட்ஜெட்டைப் பார்ப்பது கீழவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவும் செனட் நிதிக் குழுவும். 2-ஆம் பிரிவுக்கு வரும் நாளில் போய்ப் பெயர் பதிந்தால் இரண்டு அல்லது மூன்று நிமிடம் கிடைக்கும். ஆஸ்டினுக்குப் போக முடியாதவர்கள் கீழவையின் இணையவழிக் கருத்துப் பக்கத்தில் எழுதலாம். கூட்டத் தொடர் இல்லாத மாதங்களில் ஆணையத்தின் ஆலோசனைக் குழுக்கள் கூடுகின்றன, நேரலையில் பார்க்கலாம், கருத்தும் சொல்லலாம். மத்திய விதிப்படி 2025 ஜூலை முதல் மெடிக்கெய்ட் பெறுவோரும் அவர்கள் குடும்பத்தாரும் மட்டுமே கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றும் எல்லா மாநிலத்திலும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசத் தயங்கும் அம்மாக்கள் கூட எழுதி வைத்துப் படிக்கலாம். அங்கே பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மூன்று நிமிடத்துக்கு ஒரே தாள் போதும். மேலே எண், அதன் வரையறை, இலக்கு, கடைசி எட்டு காலாண்டுகளின் மதிப்பு. அதற்குக் கீழே அந்த எண்ணில் வராமல் போனவர்கள் யார் என்று இரண்டு வாக்கியம். பிறகு ஒரு குடும்பத்தின் அனுபவம், பெயர் சொல்லாமல், அவர்கள் சம்மதத்தோடு. அழுகையை மட்டும் கொண்டுபோனால் பரிதாபப்படுவார்கள், எண்ணை மட்டும் கொண்டுபோனால் தலையாட்டுவார்கள். அந்தக் குடும்பம் அந்த எண்ணின் எந்த வரிசையில் நிற்கிறது என்று விரலை வைத்துக் காட்டினால் உறுப்பினர் அதிகாரியைப் பார்த்துத் திரும்புவார்.

தாளின் அடியில் ஒரு கோரிக்கை மட்டும் வையுங்கள். பணம் கேட்பதைவிட எளிதாகக் கிடைப்பது ரைடர். பட்ஜெட் சட்டத்தில் ஆணையத்துக்கு நேரே எழுதப்படும் கட்டளை வாக்கியத்துக்கு அங்கே அதுதான் பெயர். அந்த வாக்கியத்தை நீங்களே எழுதி உறுப்பினரின் உதவியாளரிடம் கொடுங்கள், அவர் திருத்திக்கொள்வார். எந்த எண், எப்படிப் பிரித்து, எந்தத் தேதிக்குள், யாரிடம் கொடுத்து, எந்த இணையப் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். தேதி இல்லாத ரைடர் பயன்படாது. வெளியிட வேண்டும் என்ற சொல் இல்லாவிட்டால் அறிக்கை ஒரு மேசையோடு நின்றுவிடும்.

ரைடர் பட்ஜெட்டில் இடம்பிடித்துவிட்டால் செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வரும். முதல் அறிக்கைக்கான கெடு நாளைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். அன்று மாலைக்குள் பக்கத்தில் ஏறவில்லை என்றால் மறுநாள் காலையே 552-இன் கீழ் மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலை அந்த உதவியாளருக்கும் போடுங்கள்.